வாழைமர நோட்டு: கடன் அடைஞ்சதா, இல்லையா?

(ஒலிவடிவ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு மொய் நோட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

உங்க வீட்டுப் பரண்லயோ பீரோவுக்கு உள்ளயோ ஒரு பழைய மொய் நோட்டு இருக்கும். முதல் பக்கத்தில் மஞ்சள், பிள்ளையார் சுழி, அப்புறம் வரிசையா பேரு, ஊரு, தொகை. அதுல உங்க அப்பா கல்யாணத்துக்கு, 1990ல, ஒரு மாமா 51 ரூபாய் எழுதியிருக்கார்னு வச்சுக்குவோம். இப்போ அந்த மாமாவோட பேத்திக்குக் கல்யாணம். நீங்க போறீங்க. எவ்வளவு எழுதுவீங்க? 51 ரூபாயா?

எழுத மாட்டீங்க. நீங்க எழுத நினைச்சாலும் அம்மா விடமாட்டாங்க. ஆனா ஏன்? வாங்கினது 51, திருப்பிக் கொடுக்கிறதும் 51. கணக்குப்படி நேராயிடுச்சே. இருந்தும் அது நேராகலைனு நம்ம எல்லாருக்கும் தெரியுது.

இன்னொண்ணு பாருங்க. அன்னைக்கு மாமா கொடுத்த அந்த 50 ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் காசும் அன்னைக்குச் சாயங்காலமே சமையல்காரர் கைக்குப் போயிருக்கும். அது உங்க வீட்டில் ஒரு நாள்கூட இருக்கலை. ஆனா அந்த ஒரு வரி, முப்பது வருஷத்துக்கு மேலா அந்த நோட்டிலேயே இருக்கு. கை மாறிப் போச்சே, அது கரன்சி. போகாம நின்னுச்சே, அந்த வரவேண்டிய பாத்தியதை, அதுதான் பணம். ரெண்டும் பெரும்பாலான நாட்களில் ஒண்ணாவே நடக்கும், அதனால நமக்கு வித்தியாசம் தெரியாது. ஒண்ணு நின்னுபோய் இன்னொண்ணு தனியா நடக்கிறப்போதான் தெரியும்.

அப்படி ஒரு நாட்டுக்கே நடந்தது. இந்த மொய்க் கேள்வி ஒரு நாட்டின் நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போச்சு. நாடு மலாயா. வருஷம் 1942லிருந்து 1948 வரை. அந்தக் கதையில் நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பக்கமும் இருந்தாங்க. கடன் கொடுத்த பக்கத்திலும், கூலி வாங்கின பக்கத்திலும்.

முதல்ல சொற்களைப் பார்த்துடுவோம்

இந்த விஷயத்தை இணையத்தில் தேடினா, ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். தங்கமும் வெள்ளியும்தான் அசல் பணம், நோட்டு வெறும் கரன்சி, காகிதம். ரீல்ஸில் இதை ரொம்ப அழுத்தமாச் சொல்லுவாங்க. இதில் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதிக்காகத்தான் இந்த எபிசோட்.

"பணம்"ங்கிற சொல்லையே எடுத்துக்குங்க. இன்னைக்கு அது பொதுப் பேரு. ஆனா ஒரு காலத்தில் "பணம்" என்பது ஒரு குறிப்பிட்ட காசோட பேரு. தென்னிந்தியாவில் புழங்கிய சின்னஞ்சிறு தங்கக் காசு. வெள்ளைக்காரங்க அதைத்தான் "ஃபனம்" என்று எழுதினார்கள். பிறகு வெள்ளியிலும் பணம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மெட்ராஸில் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818ல் மெட்ராஸ் மாகாணம் ரூபாய்க்கு மாறியபோது இந்தக் கணக்கு மெல்ல ஓய்ந்தது. காசு காணாமப் போச்சு, "பணம்"ங்கிற பேரு மட்டும் பொதுச் சொல்லா நின்னுடுச்சு.

"நாணயம்" இன்னும் சுவாரசியம். உலோகக் காசும் நாணயம், சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். "அவர் நாணயமான ஆளு"ன்னா, அவர்கிட்ட காசு இருக்குன்னு அர்த்தமில்லை, அவர் வாக்கு செல்லும்னு அர்த்தம். காசு செல்லணும்னா அதைக் கொடுத்தவர் சொல் செல்லணும். இந்த ரெண்டையும் ஒரே சொல்லில் வச்சிருக்கிற மொழி நம்முடையது.

மூணாவது சொல், "வெள்ளி". மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் இன்னைக்கும் ரிங்கிட்டையும் டாலரையும் வெள்ளினுதான் சொல்றாங்க. ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி. கையில் இருக்கிறது நோட்டு, அதில் ஒரு குன்றிமணி வெள்ளிகூட இல்லை. நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு காலத்தில் வெள்ளி டாலர் புழங்கினதால் வந்த பேரு. 1906ல் அந்த டாலரை வெள்ளியின் விலையிலிருந்து பிரித்து, பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிவிட்டார்கள். அதுக்கப்புறம் அதோட மதிப்பு உலோகத்தில் இல்லை. பின்னால் லண்டனில் ஸ்டெர்லிங் சொத்து வச்சிருந்தாங்க, அந்தச் சொத்து அளவுக்குத்தான் நோட்டு விட முடியும். போர் வரைக்கும் மலாயா டாலர் நின்னது இந்த அடித்தளத்தில்தான்.

வாழைமரம் போட்ட நோட்டு

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. படையோடு சேர்ந்து புது நோட்டும் வந்தது. மலாயாவுக்கென்றே அச்சடித்த டாலர் நோட்டுகள். பழைய ஒரு டாலருக்குப் புது ஒரு டாலர், சரிக்குச் சரி. வாங்க மறுத்தால் தண்டனை.

பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம், குலையோடு. அதனால மக்கள் வைச்ச பேரு வாழைமர நோட்டு. மலாய் மொழியிலும் "டூயிட் பீசாங்", அதாவது வாழைப்பழக் காசு. நோட்டின் மேல், கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் இத்தனை டாலர் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. நம்ம ரூபாய் நோட்டில் இருக்கிற மாதிரியே.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துவோம். அந்த நோட்டை எடுத்துட்டுப் போய் "வாக்குக் கொடுத்திருக்கீங்களே, கொடுங்க"ன்னு கேட்டா என்ன கொடுப்பாங்க? இன்னொரு வாழைமர நோட்டு. சிரிக்காதீங்க, நம்ம 500 ரூபாயை எடுத்துட்டு ரிசர்வ் வங்கிக்குப் போனாலும் ஐந்து நூறு ரூபாய்தான் கிடைக்கும். அப்போ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? நோட்டில் எழுதியிருக்கிற வாக்கியத்தில் ஒண்ணுமே இல்லை. வாக்குக் கொடுத்தவர் எவ்வளவு நோட்டு விடுகிறார், அதை வரியாகவோ கடனுக்கோ யார் திரும்ப வாங்கிக்கொள்வார், நாளைக்கும் அவர் இருப்பாரா? இந்த மூணுலதான் வித்தியாசம்.

மலாயாவில் மூணுமே கெட்டது.

முதலில் எண்ணிக்கை. ஆரம்பத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு வந்தவற்றில் எழுத்துக் குறி மட்டும்தான், எண் இல்லை. நோட்டுக்கு நம்பர் போடாத அரசாங்கம் எத்தனை நோட்டு விட்டோம் என்று யாருக்கும் கணக்குச் சொல்ல நினைக்கவில்லை என்று அர்த்தம். நம்பர் இல்லாத நோட்டைக் கள்ளமா அடிக்கிறதும் சுலபம், அதுவும் நடந்தது. போருக்கு முன் புழங்கியது சில நூறு மில்லியன் டாலர். போர் முடியும்போது வாழைமர நோட்டு பல ஆயிரம் மில்லியன்.

ஏன் இவ்வளவு? ஒரு படைக்கு அரிசி வேணும், ஆள் வேணும், சாலை வேணும். வரி போட்டு வசூலிக்கலாம். அதைவிடச் சுலபம் நோட்டு அடிச்சு வாங்கிக்கிறது. பொருளைக் கொடுத்தவர் கையில் நோட்டு இருக்கும், அதனால அவருக்கு வித்துட்ட மாதிரித் தெரியும். உண்மையில் அது வசூல்தான், ரசீதுக்குப் பதிலா வாழைமரம்.

அதே நேரத்தில் பொருள் குறைந்தது. மலாயா சாப்பிட்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் மாதிரி வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. போரில் கப்பல் இல்லை. ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டங்களில் வேலை நின்றது. பால்மரம் வெட்டின கைகள் மரவள்ளிக்கிழங்கு நட்டன. தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். மீதி இருந்தவர்களுக்குக் கூலி, வாழைமர நோட்டு. காலையில் வாங்கின கூலி சாயங்காலம் குறைவான அரிசிதான் வாங்கும் என்றால், கூலிக்காரர் என்ன செய்வார்? உடனே செலவழிப்பார். எல்லாரும் உடனே செலவழிக்க, விலை இன்னும் ஏறும்.

புழங்கியது ஒன்று, காத்தது இன்னொன்று

பணத்துக்கு மூணு வேலைன்னு பாடப்புத்தகத்தில் படிச்சிருப்போம். கை மாற உதவணும், மதிப்பை அளக்கணும், நாளைக்குனு சேர்த்து வைக்க உதவணும். மலாயாவில் நடந்தது என்னன்னா, இந்த மூணு வேலையும் தனித்தனியாப் பிரிஞ்சு போச்சு.

வாழைமர நோட்டு முதல் வேலையை மட்டும் செய்தது. கடையில் அதைத்தான் கொடுக்கணும், வாங்கணும். ஆனா யாரும் அதைச் சேர்த்து வைக்கலை. சேர்த்து வச்சது தங்கம், துணி, மருந்து, தையல் மிஷின், நிலம். இன்னொண்ணும் சேர்த்து வச்சாங்க. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய மலாயா நோட்டு. டப்பாவில் போட்டு மண்ணில் புதைச்சாங்க, கூரையில் செருகினாங்க. ரெண்டு நோட்டும் சட்டப்படி சரிக்குச் சரின்னா, மோசமானதைச் செலவழிச்சு நல்லதைப் பதுக்குவாங்க. கெட்ட காசு நல்ல காசை விரட்டும்னு சொல்றாங்களே, கிரஷாம் விதி, அதேதான்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பழைய நோட்டை விட்ட அரசாங்கம் தோத்து ஓடிப்போச்சு. அந்த நோட்டு கடையில் புழங்கலை. இருந்தும் மக்கள் அதை மதிச்சாங்க, ஏன்னா வெள்ளைக்காரன் திரும்பி வருவான், வந்தா இதை வாங்கிப்பான் என்கிற எதிர்பார்ப்பு. புது நோட்டை விட்ட அரசாங்கம் கண்ணெதிரே துப்பாக்கியோட நிக்குது. அந்த நோட்டை மக்கள் நம்பலை. ஒண்ணு பணமா இருந்தது, கரன்சியா இல்லை. இன்னொண்ணு கரன்சியா இருந்தது, பணமா இல்லை. துப்பாக்கியால ஒரு நோட்டைப் புழங்க வைக்கலாம். சேர்த்து வைக்க வைக்க முடியாது.

கிட்டங்கிக்கு வந்த கடனாளி

இப்போ மொய்க் கேள்விக்கு வருவோம்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் வரிசையா பெட்டியடி, ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு வட்டிக்கடை. ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். 1940ல் ஒருத்தர் நிலப் பத்திரத்தை வச்சு ஆயிரம் வெள்ளி கடன் வாங்குறார். அன்னைக்குத் தோட்டக்கூலி நாளைக்கு அரை வெள்ளி அளவில். அதாவது ஆயிரம் வெள்ளின்னா, ஒரு தொழிலாளி ரெண்டாயிரம் நாள் வேலை செஞ்சு வாங்குற காசு.

1944. அதே ஆள் ஒரு கட்டு வாழைமர நோட்டோட வர்றார். ஆயிரமும் வட்டியும் எண்ணி வைக்கிறார். செட்டியாருக்குத் தெரியும், இந்தக் கட்டு அந்த ஆயிரத்தின் கிட்டக்கூட வராது. ஆனா வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. வாங்கி, ரசீது எழுதி, பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்.

இது ஒரே ஒரு கிட்டங்கியில் நடந்ததில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் போருக்கு முந்தைய கடன்கள் இப்படித்தான் அடைக்கப்பட்டன. பிரிட்டிஷ் வங்கிகளை ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டு, அந்த வங்கிகளுக்கு வரவேண்டிய கடனையும் இதே நோட்டில் வசூலித்தார்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பியது. வந்ததும் ராணுவ நிர்வாகம் அறிவித்தது: வாழைமர நோட்டு செல்லாது. மாத்திக்கொள்ள அவகாசம் இல்லை, பத்துக்கு ஒண்ணு, நூத்துக்கு ஒண்ணு என்கிற விகிதமும் இல்லை. பூஜ்யம். பதிலுக்கு, 1941 ஜூலை 1 என்று தேதியிட்ட மலாயா நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. மண்ணில் புதைச்ச பழைய நோட்டும் வெளிய வந்தது, செல்லுபடியானது. லண்டன்ல வச்ச சொத்து அப்படியே இருந்ததால் அந்த வாக்கு சாகலை. மூணரை வருஷக் கூலியை வாழைமர நோட்டா வச்சிருந்தவர் கையில் மிஞ்சினது அடுப்பெரிக்கிற காகிதம்.

இப்போ கேள்வி. 1944ல் அந்த ஆள் கட்டின கடன், அடைஞ்சதா இல்லையா?

"அடையலை"ன்னு சொன்னா, அன்னைக்கு ஊரில் செல்லுபடியான ஒரே நோட்டில், சட்டப்படி, ரசீது வாங்கிக் கட்டின ஆள் மறுபடி முழுசாக் கட்டணும். அதுவும் போரில் எல்லாம் போன பிறகு. அந்த நோட்டைச் சம்பாதிக்க அவரும் ஏதோ ஒரு பொருளை வித்திருப்பார்தானே?

"அடைஞ்சாச்சு"ன்னு சொன்னா, கொடுத்தவர் நல்ல வெள்ளியைக் கொடுத்துட்டுக் காகிதம் வாங்கியிருக்கார். வட்டிக்காரன்தானே, போகட்டும்னு தோணலாம். அவங்க வட்டி மேலயும், கடனுக்கு எடுத்துக்கிட்ட நிலங்கள் மேலயும் எத்தனையோ புகார் இருந்தது உண்மை. ஆனா அந்தக் கடைகளில் கிடந்த முதல் முழுக்க அவங்க சொந்தப் பணம் இல்லை. ஊரில் இருக்கிற உறவினர்கள் நம்பிப் போட்ட டெபாசிட்டும் அதில் இருந்தது. இங்க கடன் காகிதமானா, அங்க ஒருத்தரோட சேமிப்பு காகிதமாகும்.

மூணு வருஷம் இந்தக் கேள்வி இழுத்தது. 1948ல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அது ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. சாராம்சம் இதுதான்: நோட்டுக்கு ஓரளவு மதிப்பு இருந்த ஆரம்ப ஆண்டுகளில் கட்டியது கட்டியதே. மதிப்பு சரிந்த கடைசிக் காலத்தில் கட்டிய பெரிய தொகைகளை, எந்த மாசம் கட்டினாங்கன்னு பார்த்து, அந்த மாசத்தில் ஒரு வாழைமர வெள்ளி எவ்வளவு பெறும் என்ற அட்டவணைப்படி குறைத்து எடுத்துக்கொள்ளணும். மீதி இன்னும் பாக்கி.

இந்த அட்டவணை என்ன செய்யுதுன்னு பாருங்க. ரசீதில் ஆயிரம்னு எழுதியிருக்கு. சட்டம் சொல்லுது, ஆயிரம்ங்கிறது கரன்சியோட எண்ணிக்கை. நீ எவ்வளவு பணம் கொடுத்தேன்னு தனியா கணக்குப் போடணும். உங்க அம்மா மொய் நோட்டைப் பார்த்துட்டு "51 எழுதாதே"ன்னு சொல்றப்போ மனசுக்குள்ள போடுற கணக்கும் இதுதான். அம்மா அட்டவணை இல்லாமப் போடுறாங்க, அவ்ளோதான்.

வாக்குக் கொடுத்தவர் இல்லாமலும் நோட்டு வாழுமா?

இவ்வளவு கேட்ட பிறகு, "அரசாங்கம் இருந்தா நோட்டு செல்லும், இல்லேன்னா செல்லாது"ன்னு முடிவு பண்ணத் தோணும். அதுக்கு எதிரா ஒரு கதை இருக்கு, இராக்கில்.

1990க்கு முன் இராக்கின் தினார் நோட்டு பிரிட்டனில் நல்ல தரத்தில் அச்சானது. மக்கள் அதை "ஸ்விஸ் தினார்" என்பார்கள். வளைகுடாப் போர், பொருளாதாரத் தடை. வெளியிலிருந்து நோட்டு வரவில்லை. சதாம் உசேன் அரசு தன் படத்தைப் போட்டு, மட்டமான தாளில் புது நோட்டு அடித்தது. 1993 மே மாதம் பழைய 25 தினார் நோட்டு செல்லாது என்று அறிவித்தது. ஆனால் வடக்கே குர்து மக்கள் வாழும் பகுதி அப்போது பாக்தாத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. அவர்களால் நோட்டை மாற்றிக்கொள்ளவும் முடியவில்லை. அவர்கள் பழைய நோட்டையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள்.

யோசிங்க. விட்ட அரசாங்கமே "இது என்னுடையது இல்லை"ன்னு சொல்லிடுச்சு. பின்னால் எந்த வங்கியும் இல்லை, எந்தச் சொத்தும் இல்லை. ஆனா ஒரு விஷயம் இருந்தது: யாராலயும் அதைப் புதுசா அடிக்க முடியாது. எண்ணிக்கை ஏறவே ஏறாது. தெற்கே சதாம் நோட்டு அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு இழந்தது. வடக்கே கிழிஞ்சு நைஞ்ச பழைய நோட்டு நின்னது. சதாம் ஆட்சி போன பிறகு, 2003 அக்டோபரிலிருந்து 2004 ஜனவரி வரை எல்லாத்தையும் புது தினாராக மாத்தினார்கள். ஒரு சதாம் தினாருக்கு ஒரு புது தினார். ஒரு ஸ்விஸ் தினாருக்கு 150 புது தினார்.

வாக்குக் கொடுத்தவர் கைவிட்ட பிறகும், வாங்குறவங்க ஒருத்தருக்கொருத்தர் கைவிடலை. அளவும் கூடலை. நாளைக்கு வரப்போற ஒரு நிர்வாகம் இதை மதிக்கும்னு எதிர்பார்த்தாங்க. மண்ணில் நோட்டைப் புதைச்ச மலாயாக்காரர் எதிர்பார்த்த அதே விஷயம்.

நம்ம 2016

மூணாவது கதை உங்களுக்கே தெரியும். 2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது. புழக்கத்தில் இருந்த நோட்டு மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம்.

இது மலாயா மாதிரி ஆகலை. ஏன்? நோட்டை ரத்து பண்ணினாங்க, வாக்கை ரத்து பண்ணலை. பழைய சீட்டைக் கொடு, வேற சீட்டு தர்றேன், இல்லேன்னா உன் கணக்கில் எழுதிக்கிறேன்னு சொன்னாங்க. ரத்தான நோட்டில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பி வந்ததா பிறகு ரிசர்வ் வங்கியே சொன்னது. கரன்சி செத்தது, பணம் வேற உடம்புக்குப் போயிடுச்சு.

ஆனா அந்த இடமாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது, எல்லாரும் அதை ஒரே மாதிரி கொடுக்கலை. வங்கிக் கணக்கு இருந்தவருக்கு அது வரிசையில் நின்ன அலைச்சல். தினக்கூலிக்கு அது போன கூலி. அரிசிப் பானைக்குள்ள வருஷக்கணக்கா ஒளிச்சு வச்சு, மறந்து, டிசம்பர் 30 கெடு தாண்டி எடுத்த பாட்டிகளுக்கு? அவங்களுக்கு அது மலாயாதான். கரன்சி செத்ததும் பணமும் சேர்ந்து செத்தது. கையில் நோட்டு மட்டும் வச்சிருக்கிறவர்தான் எப்பவும் இந்த விளையாட்டில் கடைசி ஆள்.

அப்போ தங்கம்?

ரீல்ஸ் பசங்க இப்போ கேப்பாங்க, "அதுக்குத்தானே தங்கம் வாங்கச் சொன்னோம்?" நியாயமான கேள்வி. மலாயாவில் தங்கம் வச்சிருந்தவங்க தப்பிச்சாங்க, அது உண்மை. தங்கத்துக்கு யாரோட வாக்கும் வேண்டாம், யாரும் நினைச்ச நேரத்தில் அச்சடிக்கவும் முடியாது.

ஆனா வாக்கு இல்லைங்கிறதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த விலைக்குக் கீழ போகாதுன்னும் யாரும் வாக்குத் தரலை. 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டாலரைத் தொட்டது. 1999ல் அது ஏறத்தாழ 252 டாலர். இருபது வருஷம் காத்திருந்தவருக்கு மூணுல ஒரு பங்குகூட மிஞ்சலை, அதுக்கு மேல டாலரோட வாங்கும் சக்தியும் குறைஞ்சிருந்தது. தங்கம் ஒரு நல்ல சேமிப்பா இருக்கலாம். ஆனா வாடகை, சம்பளம், பள்ளிக்கட்டணம், கடன் இதெல்லாம் நீங்க தங்கத்தில் எழுதிக்கலை. நீங்க கொடுக்க வேண்டியது ரூபாயில் இருக்கு. பணம்ங்கிறது ஒரு பொருளா இருக்கணும்னு அவசியமில்லை. யாருக்கு யார் எவ்வளவு தரணும்ங்கிற கணக்கு அது.

அந்தக் கணக்கு இப்போ நம்ம போன்லயே இருக்கு. நீங்க டீக்கடையில் ஸ்கேன் பண்றப்போ எந்தக் கரன்சியும் நகரலை. ஒரு வங்கிப் பேரேட்டில் உங்க பேருக்கு எதிரே குறையுது, கடைக்காரர் பேருக்கு எதிரே ஏறுது. மொய் நோட்டு மாதிரியேதான், எழுதுற வேகம்தான் வேற. உங்க கணக்கில் காட்டுற தொகை, வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். அந்த வங்கிக்கு மேல ரிசர்வ் வங்கி, அதுக்கு மேல ஒரு நாடு, அதோட வரி, அதோட சட்டம்.

அதனால எது கைக்கு வந்தாலும், ரூபாயோ, டாலரோ, ஏதோ ஒரு ஆப் கொடுக்கிற பாயின்ட்டோ, கிரிப்டோவோ, மூணு கேள்வி கேளுங்க. இதை நாளைக்கு யார் திரும்ப வாங்கிப்பாங்க? இதை இன்னும் எத்தனை அடிக்க அவங்களால முடியும், அதைத் தடுக்க யார் இருக்காங்க? அவங்க ஓடிப்போனா நஷ்டம் யார் தலையில்? வாழைமர நோட்டில் மூணாவது கேள்விக்குப் பதில் எழுதியே இருந்தது. யார் தலையிலன்னா, கொண்டுவருபவர் தலையில்.

1948 சட்டம் எல்லாருக்கும் நியாயம் செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். கடன் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் கேக்க ஒரு அட்டவணையாவது இருந்தது. தோட்டத்துக் கூலிக்காரருக்கு அதுவும் இல்லை. அவர் யாருக்கும் கடன் கொடுக்கலை, உழைப்பைத்தான் கொடுத்தார். அவருக்கு வரவேண்டியது எந்தப் பேரேட்டிலும் ஏறலை. அவர் கையில் இருந்தது வெறும் கரன்சி.

வீட்டுக்குப் போனா அந்த மொய் நோட்டை எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு வரிக்கும் இன்னைக்கு எவ்வளவு எழுதணும்னு அம்மாகிட்ட கேளுங்க. யாருக்கு இரட்டிப்பு, யாருக்குப் பத்து மடங்கு, யாருக்கு ஒரு கிராம் மோதிரம்னு அவங்க சொல்ற கணக்கைக் கேட்டா, பணம்னா என்னன்னு என்னைவிட நல்லாப் புரியவைப்பாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.